ஆயுத பூஜையில் இடம் மாறிய பிளேடுகள்

இரண்டாயிரங்களின் நடுவில், பெங்களூர் வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். அங்கே ஒரு கம்பெனியின் சர்வர் ரூமில் நான் ஆபரேட்டர். பிளஸ் டூவும் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸும்தான் என் படிப்பு. காலையில் முருகனைக் கும்பிட்டு, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டுதான் ஆபீஸ் வேனில் ஏறுவேன். அதனால் எங்கள் டீம் லீடர் என்னை “சாமியாரே” என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

எங்களிடம் இருந்தவை பிளேடு சர்வர்கள். அலமாரியில் புத்தகம் செருகுவது போல ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் வரிசையாகச் செருகியிருக்கும் மெல்லிய கம்ப்யூட்டர்கள் அவை. தனித்தனியாகத் திரையோ கீபோர்டோ கிடையாது. கறுப்புத் திரையில் கமாண்ட் அடித்துத்தான் எதையும் கேட்க வேண்டும், மாற்ற வேண்டும். எந்த இடத்தில் இருக்கும் பிளேடு எந்த நெட்வொர்க்கில் பேச வேண்டும் என்பதையும் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தோம். அந்தப் பதிவு இடத்துக்குத்தான் சொந்தம், பிளேடுக்கு இல்லை. ஒன்றை உருவி வேறு இடத்தில் செருகிவிட்டால் அது பாட்டுக்கு ஓடும், ஆனால் யார் கூப்பிட்டாலும் அதன் காதில் விழாது.

பெங்களூரில் ஆயுத பூஜை வந்தால் பஸ்ஸுக்கு வாழைக்கன்று, லேத்துக்கு மாலை, கம்ப்யூட்டருக்குச் சந்தனம். எங்கள் ரூமிலும் அன்றைக்கு மட்டும், வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அந்தப் பெட்டியை முழுக்க நிறுத்தித் தூசி தட்டுவோம். உள்ளே புகை போனால் அலாரம் அடித்துவிடும். அதனால் வராந்தாவில் கற்பூரம் ஏற்றி, கண்ணாடிக் கதவு வழியாகக் காட்டுவோம். அந்த வருடம் ஹவுஸ்கீப்பிங் அக்கா முன்பக்கத்தை எல்லாம் உலர்ந்த துணியால் துடைத்து, வரிசையாகக் குங்குமப் பொட்டு வைத்தார். ஆர்வத்தில் ஏ.சி.க்கும் தீயணைப்பு சிலிண்டருக்கும்கூட வைத்துவிட்டார்.

டீம் லீடருக்கு அது போதவில்லை. போட்டோவில் நன்றாக விழவேண்டும் என்று இரண்டு பிளேடுகளை உருவி பூஜை மேஜைமேல் வைத்தார். படம் எடுத்து முடித்ததும் அவரே திரும்பச் செருகினார். நாங்கள் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். பூசணிக்காய் உடைத்து, பெட்டியை ஆன் செய்தோம். எல்லாம் எழுந்தது. அந்த இரண்டு மட்டும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு பில் போடும் வேலையே நின்றுபோய், போன்கள் அலற ஆரம்பித்தன.

கன்னடக்காரரான மேனேஜர் ஓடிவந்தார். “யாரு தொட்டது?” என்று கேட்டார். துடைத்தது ஹவுஸ்கீப்பிங் என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. அக்காவின் கழுத்திலிருந்த அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, கேட்டில் செக்யூரிட்டி பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன்.

“தொடச்சேன், பொட்டு வச்சேன், அவ்ளோதான் தம்பி. எல்லம்மா மேல சத்தியம். வேலை போச்சுன்னா நான் எங்க போவேன்?”

திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு இடத்திலும் எந்த பிளேடு இருக்கிறது என்று கமாண்ட் அடித்துக் கேட்டேன். என் முதுகுக்குப் பின்னால் டீம் லீடரும் இரண்டு இன்ஜினியர்களும் நின்றார்கள். ஐந்தாவதும் ஆறாவதும் இடம் மாறி இருந்தன. நாலு பேருக்கும் ஒரே சமயத்தில்தான் புரிந்தது.

டீம் லீடர் என் காதருகே குனிந்தார். “சாமியாரே, நெட்வொர்க்கை மட்டும் மாத்தி அடிச்சு விட்ருங்க. அஞ்சோடது ஆறுக்கு, ஆறோடது அஞ்சுக்கு. பிளேடு இருக்கற எடத்துலயே இருக்கட்டும்.”

“அப்ப காரணம் என்னன்னு சொல்றது சார்?”

“தொடைக்கறப்போ அந்தம்மா கை பட்டுடுச்சு. அவங்களுக்கு வேற பில்டிங்ல வேலை கிடைக்கும்யா. எனக்கு ஆன்சைட் போயிடும்.”

அமெரிக்கா போகும் வாய்ப்பு அப்போதுதான் அவருக்கு வந்திருந்தது. அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும், “நான் அடிக்க மாட்டேன் சார்” என்றேன்.

“டேய், சாமியாருக்கு சாமி வந்துடுச்சுடா!” என்று டீம் லீடர் சொல்ல, மற்ற இருவரும் சிரித்தார்கள்.

என் வேலையும் போகலாம். வீட்டில் இரண்டு பிள்ளைகள். முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். “பொட்டு வச்ச மிஷின்ல பொய்யை அடிக்கச் சொல்றீங்களே சார். உருவுன கையாலயே அதை எடுத்து அதோட எடத்துல போடுங்க.”

“எழுந்திரிய்யா. நானே அடிச்சுக்கறேன்.”

“மேனேஜர் சார் வந்து இந்த ஸ்க்ரீனைப் பாக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன்.”

அவர் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். சக்கரம் வைத்த நாற்காலி, உருண்டது. நான் மேஜைக் காலில் என் காலை மாட்டிக்கொண்டு கீபோர்டை விடாமல் பிடித்தேன். அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார்.

“ஏன்ரீ இது, சந்தையா?”

“சார், அஞ்சும் ஆறும் எடம் மாறியிருக்கு. தொடச்சா மாறாது, உருவுனாத்தான் மாறும். யார் உருவுனாங்களோ அவங்களே சொல்லட்டும்.”

மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் டீம் லீடரே, “நான்தான் சார்... போட்டோவுக்காக...” என்றார். பிளேடுகளை நிறுத்தி, உருவி, மாற்றிச் செருகினார்கள். நான் கமாண்ட் அடித்தேன். இரண்டும் பதில் சொல்லின.

“ஆய்து, முடிஞ்சுது. எல்லாரும் சீட்டுக்குப் போங்க” என்றார் மேனேஜர்.

“கேட்ல ஒக்காந்திருக்கற அக்கா சார்?”

“கார்டு குடுக்கச் சொல்றேன்ப்பா.”

“நீங்களே வந்து குடுங்க சார். எல்லார் முன்னாடியும்தானே வாங்குனாங்க.”

அவர் என்னை முறைத்தார். ஆனால் வந்தார். அவர் கையாலேயே கொடுத்தார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அக்கா அட்டையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, “ரெண்டாவது மாடி இன்னும் கூட்டல” என்று எழுந்து போனார்.

வேலையை எடைபோடும் அடுத்த அப்ரைசலில், டீமோடு ஒத்துப்போகாதவன் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு ஊரின் மறுகோடியில் இருக்கும் பீன்யாவில் பழைய கம்ப்யூட்டர்களை அடுக்கி வைக்கும் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். டீம் லீடர் அமெரிக்கா போய்விட்டு, சாக்லேட்டோடு திரும்பி வந்தார். கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே என்று சொந்தக்காரர்கள் இப்போதும் கேட்கிறார்கள். அனுசரித்திருந்தால் சர்வர் ரூமிலேயே இருந்திருப்பேன், உண்மைதான். ஆனால் ஓர் ஏழைப் பெண்ணின் பிழைப்பில் என் கையாலேயே மண்ணைப் போட்டுவிட்டு, அதே கையை முருகன் முன்னால் எப்படிக் கூப்புவேன்? இன்றைக்கு என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டாலும், மாட்டேன் என்றுதான் சொல்வேன்.