இயன்றவரை

அரசியல் சட்டத்தின் நாற்பத்தொன்றாம் பிரிவை வாய்விட்டுப் படிக்காமல் மரியகுழந்தை பேனா மூடியைக் கழற்றுவதில்லை. வேலை பெறும் உரிமை, முதுமையிலும் நோயிலும் அரசின் உதவி என்று நன்றாகத்தான் போகும். "பொருளாதார வலிமைக்கு உட்பட்டு" என்ற இடம் வந்ததும் நின்று இருமுவார். அது தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசியின் இருமலா, அரசியல் சட்டத்தின் இருமலா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் ஃப்ளோராவின் ஜெராக்ஸ் கடை மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு ஸ்டூல், அட்டை கிழிந்த அரசியல் சட்டப் புத்தகம். மரியகுழந்தைக்கு வயது எழுபத்து மூன்று. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றிலும் மனு எழுதுவார். ஆனால் "இயன்றவரை", "கூடுமானால்" போன்ற சொற்கள் அவர் மனுவில் நுழைய முடியாது. ஒருநாள் ஃப்ளோரா, முடிந்தால் டீ அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டாள். டீ வந்தது. மனிதர் தொடவில்லை, ஆடை கட்டி ஆறிப்போயிற்று.

சட்டம் எழுதியவர்களைப் பற்றி, நேற்று பக்கத்து வீட்டில் நடந்த தகராறு போலப் பேசுவார். வேலையும் கூலியும் உரிமையாகவே இருக்கட்டும், கிடைக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போகலாம் என்றது ஒரு பக்கம். புது நாடு, கையில் ஒன்றுமில்லை, எப்படித் தாங்கும் என்றது இன்னொரு பக்கம். கடைசியில் எழுதிவைப்போம், ஆனால் கோர்ட்டில் கேட்க முடியாது என்று முப்பத்தேழாம் பிரிவில் சமாதானம் ஆனார்கள்.

"அவங்கள தப்பு சொல்லல சார். மொதல்ல சட்டத்துக்குள்ள நொழஞ்சா போதும், அப்பால பாத்துக்கலாம்னு நெனச்சிருப்பாங்க. நானும் அப்பிடித்தான நெனச்சேன்."

சுரங்கம் மூடியபோது அவர் யூனியன் டைப்பிஸ்ட். கம்பெனி கட்டிக்கொடுத்த லைன் வீடுகளைத் தொழிலாளிகள் பேருக்கே எழுதித்தர வேண்டும் என்பது கோரிக்கை. மூன்று நாள் பேச்சு இழுத்தது. எதிர்த்தரப்பு எழுந்து போகப் பார்த்தபோது, "இயன்றவரை" என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாமே என்றவர் இவர்தான். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டது. தலைவர்கள் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, வீடுகளை எழுதித்தர இன்னும் யாருக்கும் இயலவில்லை. இந்தக் கதையை என்னிடம் சொன்னவர் லைனில் ஒருவரிடமும் சொன்னதில்லை.

போன வியாழக்கிழமை ஸ்கெலட்டன் லைனிலிருந்து பார்வதம்மா வந்தார். அவர் கணவர் காத்தவராயன் முப்பது வருடம் சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கி ஏறியவர், இப்போது இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. கணவர் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்த ஒப்பந்த நகலைத் தூக்கிக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போயிருக்கிறார். இங்கிலீஷில் இருந்த அந்தக் காகிதத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது இருக்கும்வரை வீட்டைக் கேட்க வழியில்லை என்று அனுப்பிவிட்டார்களாம்.

"இந்த வயசுல நான் எங்கண்ணா போவேன்? அந்த வார்த்தைய எழுதினவன் யாருண்ணா? அவன் வூட்ல இன்னிக்கி அடுப்பு எரியுதா?"

பக்கத்தில் நின்றிருந்த எனக்கு மரியகுழந்தையின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. கம்பெனிக்காரன் எழுதினான் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். அந்தக் காலத்துக் காகிதங்களில் கடைசிப் பக்கத்தின் இடது மூலையில், டைப் அடித்தவரின் இனிஷியல் பொடியாக இருக்கும். பார்வதம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

மரியகுழந்தை அன்று நாற்பத்தொன்றாம் பிரிவைப் படிக்கவில்லை. பேனா மூடியைக் கழற்றினார். அந்த மூலையில் இருந்த இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளுக்குப் பக்கத்தில் தன் முழுப் பெயரையும் தமிழில், கொட்டை எழுத்தில் எழுதி, காகிதத்தைப் பார்வதம்மாவின் பக்கம் திருப்பி வைத்தார்.