ஆடி அமாவாசையன்று காய்ச்சிய மீன்குழம்பு

இதை எழுதுவதா விடுவதா என்று ஏழு வருடமாக யோசித்திருக்கிறேன். இரண்டு தரம் கொப்பியில் எழுதி, பிறகு கிழித்து அடுப்பில் போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை வருமே என்ற வெட்கம் கொஞ்சம். நான் செய்த பிழையைச் சொல்லவேண்டி வருமே என்ற வெட்கம்தான் கூட. இப்போது முருகன்மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

நடந்தது தர்மபுரத்தில், எங்கள் வீட்டு வளவில். மாசி மாதம், வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு. அப்போது மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்குப் பத்து.

பிள்ளைகளின் தகப்பனைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் நாட்டுப் போரின் கடைசிச் சண்டை நேரம், ஊரை விட்டுச் சனத்தோடு சனமாக நடந்து வரும்போது, "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் பின்னால வாறன்" என்றார். மகன் என் கையில் குழந்தை. திரும்பிப் பார்த்தபோது அவரைக் காணவில்லை. அதற்குப் பிறகு தேடாத இடமில்லை, கொடுக்காத மனு இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை. இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. நான் பொட்டை அழிக்கவில்லை. பிள்ளைகளிடம் "அப்பா வருவார்" என்றே சொல்லி வளர்த்தேன்.

எங்கள் பக்கத்தில் தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் இருப்பார்கள். மரக்கறி சமைத்து, படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். அன்றைக்கு ஊரே சைவம். ஆனால் நான், வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாத நான், ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் விடியமுதலே சைக்கிளில் பரந்தனுக்குப் போய் மீன் வாங்கி வந்து குழம்பு காய்ச்சுவேன். ஒரு தரம் மீன்காரர் கேட்டார்.

"என்னக்கா, இண்டைக்குப் போய் மீனோ?"

"என்ர வீட்டில ஒருத்தருக்கும் விரதம் இல்லைத் தம்பி" என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஊருக்கும் சாமிக்கும் நான் சொன்ன விதம் அது. பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டியிலும் ஒரு பொரித்த துண்டு வைத்து அனுப்புவேன்.

அந்த மாசியில்தான் படம் எடுக்கிறோம் என்று ஆறு இளம் ஆட்கள் வந்தார்கள். பெரிய கம்பனி ஒன்றுமில்லை. ஒரு கமரா, ஒரு பழைய வான், சொந்த முயற்சி. தகப்பனை இழந்த அக்காவும் தம்பியும் எப்படி வளர்கிறார்கள் என்பதுதான் கதை. எடுப்பவள் ஒரு பெண்பிள்ளை. பள்ளிக்கூடத்தில் என் பிள்ளைகளைப் பார்த்துப் பிடித்துப்போய், நடிக்க அவர்களையும், படம் எடுக்க எங்கள் வீட்டையும் கேட்டாள். கதையில் ஆடி அமாவாசைப் படையல் ஒன்று வருகிறது என்றவுடன் நான் மாட்டேன் என்றுவிட்டேன். தகப்பன் இருக்க, பொய்க்கென்றாலும் படைக்கலாமா?

"நடிப்புத்தானே அம்மா" என்று மகள் இரண்டு நாள் பின்னால் திரிந்தாள். கடைசியில் பிள்ளையார் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். சாமிக்குச் சம்மதம் என்று வெள்ளைப் பூ வந்தது. சரி என்றேன்.

படையல் எடுத்த அன்று சமையல் என்னுடையது. அந்த விரதத்துக்கு வைக்கிற காத்தோட்டிக்காய் மாசியில் கிடைக்காது. பாகற்காயை வெட்டி வைத்துச் சமாளித்தோம். பிரச்சினை காகத்தால் வந்தது. மற்ற நாளில் நான் சமைக்கிற குசினிக்குள்ளேயே வந்து களவெடுக்கிற காகங்கள், கமராவைக் கண்டதும் பனையை விட்டு இறங்கவில்லை. அரை மணித்தியாலமாகப் படமெடுக்க வந்த பிள்ளைகள் "கா, கா" என்று கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

வேலியால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மாமி சிரித்தா. "காகம் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு நிக்குது போல. கொஞ்சம் பொறுங்கோ, வரும்!"

படமெடுக்கிற பிள்ளை என்னைப் பார்த்தாள். "அன்ரி, எப்பிடி வைக்கிறதெண்டு தங்கச்சிக்கு ஒருக்காக் காட்டி விடுங்கோவன்."

நான் எழும்ப முதல் மகள் சொன்னாள்: "விடுங்கோ அம்மா, எனக்குத் தெரியும்."

இலையைக் கழுவினாள். சோற்றில் எல்லாக் கறியிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்து, கிணற்றுக் கட்டின்மேல் வைத்து, சுற்றித் தண்ணீர் விட்டுக் கும்பிட்டாள். இரண்டே தரம் கூப்பிட்டாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டா அது வராது" என்று மெல்லச் சொன்னாள். சொல்லி முடியவில்லை, ஒரு காகம் வந்து இருந்தது. பிறகு இன்னொன்று.

எல்லோரும் கை தட்டினார்கள். "பாத்தீங்களே, என்ன மாதிரி நடிக்கிறாள்" என்று நானும் பெருமையாகச் சொன்னேன்.

மகனுக்கு அக்காவைப் புகழ்ந்தது பொறுக்கவில்லை. "அவா நடிக்கேல்லை. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் இப்பிடித்தான் வைக்கிறவா. பள்ளிக்கூடம் எண்டா பின்மதில்ல, லீவெண்டா இந்தக் கிணத்தடியில. மீனை நாய்க்குப் போட்டிடுவா. தானும் சாப்பிடமாட்டா."

பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"கொப்பர் செத்துப்போனார் எண்டு ஆரடி உனக்குச் சொன்னது?" என்று கத்திக்கொண்டு அடிக்கக் கை ஓங்கிவிட்டேன்.

அவள் விலகவில்லை. அழவும் இல்லை.

"ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. அப்பா இருந்தா அது காகத்தின்ர சாப்பாடு. இல்லாட்டி அப்பாவின்ர சாப்பாடு. ரெண்டிலயும் பிழையில்லைத்தானே?"

ஓங்கிய கையை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

"ஏன் எனக்கு ஒளிச்சனி?" என்று மட்டும் கேட்டேன்.

"மீன் காய்ச்சிற அண்டைக்குத்தான் நீங்கள் சந்தோசமா இருக்கிறனீங்கள்" என்றாள்.

நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தால் படமெடுக்கிற பிள்ளை வெளியில் நின்று சொன்னாள்: "அன்ரி, நீங்கள் கத்தினதை எடுக்கேல்லை, கமராவை நிப்பாட்டிட்டன். காகம் வந்ததையும் வேண்டாமெண்டா அழிச்சு விடுறன்."

கதவைத் திறக்காமலே, "அழிக்காதை பிள்ளை, இருக்கட்டும்" என்றேன்.

படத்தைப் பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் ஒரு வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்டினார்கள். எனக்குக் கதை சரியாக ஞாபகமில்லை. என் பிள்ளையின் முதுகும், அதற்குப் பின்னால் வந்து இருந்த காகமும்தான் ஞாபகம். அவளுக்கு மூன்று வயதில் போன தகப்பன், முகம்கூட நினைவிருக்காது. பிறகு கேட்டபோதுதான் தெரிந்தது, ஒன்பது வயதிலிருந்து அவள் வருடத்தில் ஒரு நாள் பசி கிடந்திருக்கிறாள். எனக்குத் தெரிந்தால் நான் உடைந்துபோவேன் என்று ஒளித்தே கிடந்திருக்கிறாள். நான் கோயில் கோயிலாகச் சுற்றினேன், எனக்குப் பக்கத்தில் படுத்த பிள்ளையின் விரதம் தெரியவில்லை.

அந்த வருட ஆடி அமாவாசைக்கு நான் பரந்தனுக்குப் போகவில்லை. மரக்கறி சமைத்தேன். மாலையும் இல்லை, அவருடைய படமும் இல்லை, ஐயரும் இல்லை. ஒரு இலையில் சோற்றை வைத்துவிட்டு மூன்று பேருமாகத் திரும்பி நின்றோம். பொட்டு இன்னும் வைத்திருக்கிறேன். மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். அன்றைக்கு மட்டும் எப்படியும் வந்துவிடுவாள். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து நாங்கள் மறைக்கிற துக்கத்தை, அவர்கள் நமக்குத் தெரியாமல் சுமக்கிறார்கள் என்பதை அன்று கிணற்றடியில்தான் படித்தேன்.

இதை வாசிப்பவர்கள் வேறு யாருக்கும் சொன்னால் நடந்தபடியே சொல்லுங்கள். அவர் இறந்துவிட்டார் என்று முடித்துவிடாதீர்கள். ஒரு நாள் வருவார் என்றும் சேர்த்துவிடாதீர்கள். எங்களுக்குத் தெரியாததை நீங்களும் தெரியாததாகவே விட்டுவிடுங்கள்.