ஆறு வருஷத்து ஆரஞ்சு

ஃபென்னா போஸ்மாவின் உள்ளங்கைகள் ஆரஞ்சு நிறம். மார்ஷ் என்கிற அந்தச் சதுப்புநில ஊரில் இது எல்லாருக்கும் தெரியும். கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் யாராவது அந்தக் கையில் மீதிச் சில்லறையை வைக்கத் தயங்கினால், வரிசையில் பின்னால் நிற்பவரே சொல்லிவிடுவார். "ஒட்டாதும்மா, பயப்படாதே. கேரட்டுதான்."

டொரான்டோவுக்கு வடக்கே, கால்வாய்களுக்கு நடுவில் கிடக்கும் கறுப்பு மண் அது. கேரட்டும் வெங்காயமும் விளையும். பாதிப் பேர் நெதர்லாந்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். ஃபென்னா மூன்று வயதில் கப்பலில் வந்தவள். முப்பத்தோரு வருஷம் கேரட் கழுவும் கொட்டகையில் வேலை பார்த்தாள். ஈரத்திலேயே ஊறியதில் கைகளில் கரப்பான் பிடித்தது. விரல் இடுக்குகள் வெடித்து, இரவில் நீர் கசியும். டாக்டர் கொடுத்த களிம்பு போட்டால் அடங்கும், விட்டால் திரும்பும்.

அவளுடைய அறுபத்திரண்டாவது வயதில் கணவர் யூப் இறந்தார். அந்த ஏப்ரலிலேயே கொட்டகை வேலையை விட்டாள். அதே ஏப்ரலில்தான் நூலகத்தின் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் கூடும் ஒரு சிறு கூட்டத்தைக் கண்டுபிடித்தாள். நடத்தியவள் ஷெரில். யோகா ஆசிரியையாக இருந்தவள், கனிவானவள், பேசும்போது எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்பவள். ரொட்டி, பால், வெண்ணெய், சர்க்கரை, காபி எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னாள். களிம்பையும்தான். தினம் ஆறு தம்ளர் கேரட் சாறு, இரண்டு தம்ளர் பீட்ரூட்.

ஆகஸ்டுக்குள் கை ஆறிவிட்டது. முப்பது வருஷத்தில் முதல் முறையாக விரல்களை முழுசாக மடக்கினாள்.

மகள் மார்க்ரீட் விண்ட்சரில், கார்ச் சாயம் செய்யும் ஆலையில் நிறம் அளக்கும் வேலையில் இருந்தாள். நாலு மணி நேரத் தொலைவு. ஞாயிற்றுக்கிழமை மதியம் போனில் முகம் பார்த்துப் பேசுவாள்.

"அம்மா, நீ ஈரத்துல கை வைக்கிறத விட்டுட்டே. அதனாலதான் ஆறியிருக்கு."

"உனக்கு எல்லாத்துக்கும் ஒரு காரணம் வேணும்."

"காரணம் இல்லாம எதுவும் நடக்காதும்மா."

"சரி, ஜூஸ்தான் காரணம். வை போனை, பீட்ரூட் வெந்துடும்."

பீட்ரூட்டை அவள் வேகவைப்பதே இல்லை. பேச்சை முடிக்க அவளுக்குத் தெரிந்த வழி அது.

கை ஆறியதற்கு அவள் கொடுத்த விலை வேறு. நெதர்லாந்து வழிவந்த இந்த ஜனங்கள் கூடினால் காபி இருக்கும், காபி என்றால் பக்கத்தில் ஒரு துண்டு கேக் இருக்கும். பிறந்தநாள் வீட்டில் சுவரோரமாக வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிறந்தநாள்காரருக்கு மட்டுமில்லை, அவருடைய அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லாருக்கும் கைகுலுக்கி வாழ்த்துச் சொல்ல வேண்டும். ஃபென்னா வாழ்த்தெல்லாம் சொல்லிவிட்டு வெந்நீர்க் கோப்பையோடு உட்காருவாள். கேக் தட்டு அவளிடம் வரும்போது ஒரு கணம் நின்று, தாண்டிப் போகும். முதல் வருஷம் வற்புறுத்தினார்கள். இரண்டாம் வருஷம் மன்னிப்புக் கேட்டார்கள். மூன்றாம் வருஷத்திலிருந்து அழைப்பதை மறந்தார்கள்.

கோவிலிலும் அப்படித்தான். போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் பெஞ்சு நெடுகப் பெப்பர்மிண்ட் மிட்டாய் உருளை ஒன்று கைமாறி வரும். நாற்பது வருஷம், பக்கத்தில் உட்காரும் சிநேகிதி ட்ரீனா தன் பங்கை எடுத்துக்கொண்டு ஃபென்னாவிடம் தள்ளுவாள். "சர்க்கரை இருக்குடி, எனக்கு வேண்டாம்" என்று ஃபென்னா சொன்ன பிறகு, உருளை அவள் மடிக்கு மேலாக எட்டி அடுத்தவர் கைக்குப் போக ஆரம்பித்தது.

மிச்சமிருந்தது கேலி. அதில் குறைவில்லை. ஏப்ரல் கடைசியில், நெதர்லாந்து ராஜாவின் பிறந்தநாளுக்கு எல்லாரும் அரச குடும்பத்து நிறமான ஆரஞ்சு உடுத்திக் கோவில் கூடத்துக்கு வருவார்கள். கிழவர் வீபே அவளைப் பார்த்ததும் எழுந்து நிற்பார்.

"நாங்கள்லாம் வருஷா வருஷம் ஆரஞ்சுச் சட்டை தேடி அலையறோம். ஃபென்னாவுக்கு அந்தக் கஷ்டமே இல்ல. சட்டை போடாம வந்தாலே போதும்!"

"வந்தா உன் பேஸ்மேக்கர் நின்னுடும் வீபே, அதான் பாவம்னு போட்டுட்டு வரேன்."

கூடமே சிரிக்கும். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே அவள் போவாள். பிறகு வீட்டுக்கு வந்து சாறு பிழிவாள். இயந்திரத்தின் இரைச்சல் நின்றதும் வீட்டில் வேறு சத்தம் இருக்காது.

கேரட்டுக்கு அவளுக்குச் செலவில்லை. பழைய கொட்டகையில் பிளந்ததும் கோணலானதும் கழிவுக்குப் போகும். லின்வால் அதில் ஒரு மூட்டையைப் புதன்கிழமைதோறும் அவள் வண்டியில் ஏற்றிவிடுவான். லின்வால் ஜமைக்காக்காரன். மே மாதம் வந்து நவம்பரில் திரும்புபவன்; பதினேழு வருஷமாக வருகிறான். கழுவும் வரிசையில் அவளுக்கு எதிரே நின்று வேலை பார்த்தவன்.

ஆறாவது வருஷம் ஆகஸ்டில் அரிப்பு வந்தது. கைகளில் தொடங்கி, பிறகு உடம்பெங்கும். தோலின் மேல் ஒன்றுமில்லை, உள்ளிருந்து அரித்தது. ஷெரில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பழசு வெளிய வருது ஃபென்னா. முப்பது வருஷக் களிம்ப உடம்பு இப்பத்தான் தள்ளுது. இதுதான் நல்ல அறிகுறி. சாற இன்னும் கூட்டுங்க."

'பழசு வெளிய வருது' என்பது அந்தக் கூட்டத்தின் மந்திரம். தலைவலித்தால் பழசு. வயிறு போனால் பழசு. நோவு கூடினால், அது குணம் நெருங்குகிறது என்று கணக்கு. அந்தக் கணக்கில் கெட்ட செய்தி என்று ஒன்று வரவே முடியாது.

அவள் சாற்றைக் கூட்டினாள். செப்டம்பரில் எடை குறைந்தது. பத்தியத்தால் என்று நினைத்தாள். சிறுநீர் கறுத்தது, பீட்ரூட். நிறம் ஏறியது, அறுவடைக் காலம், கேரட் அதிகம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விடை அவள் சமையலறையிலேயே தயாராக இருந்தது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். கண்டவர் கண்ணுக்கெல்லாம் ஆறு வருஷமாக மஞ்சளாகவே இருந்தவளுக்குக் காமாலை வந்தால் யாருக்குத் தெரியும்?

"கொஞ்சம் கூடுதலா மஞ்சளா இருக்கியேம்மா" என்றாள் மார்க்ரீட், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"லைட்டு அப்படி."

"இருக்கும்" என்றாள் மார்க்ரீட்.

சமையலறை விளக்கின் கீழே, போன் திரையில், ஒரு நிறத்தைப் பார்த்து முடிவு சொன்னால் அவள் ஆலையில் வேலை போய்விடும். அம்மாவிடம் அதைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் குளிர்காலத்துக்கு டயர் மாற்றியாயிற்றா என்று கேட்டாள்.

அக்டோபர் கடைசிப் புதன்கிழமை. லின்வால் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வண்டிக்குள் வைக்கக் குனிந்தான். நிமிர்ந்தபோது இரண்டு பேர் முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அவ்வளவு பக்கத்தில் அந்த வருஷம் அவளை யாரும் பார்த்ததில்லை.

"மிஸ் ஃபென்னா. கண்ணு என்ன இப்படி?"

"கேரட்டுப்பா. உனக்குத் தெரியாததா."

"கேரட்டு கண்ணுக்குப் போகாது மிஸ். கை போகும், கால் போகும், மூக்கு ஓரம் போகும். கண்ணுல வெள்ள வெள்ளையாத்தான் இருக்கணும். எங்க ஊர்ல ஞாயித்துக்கிழமை கேரட் ஜூஸ் இல்லாத வீடு கிடையாது, ஜாதிக்காய் தட்டிப் போட்டு. ஒருத்தன் கண்ணும் மஞ்சளானதில்ல."

"டாக்டராயிட்டியா நீ?"

"ஆகல. ஆயிருந்தா இந்தச் சேத்துல எதுக்கு நிக்கிறேன்?" அவன் சிரிக்கவில்லை. மூட்டையை வண்டியிலிருந்து திரும்ப எடுத்தான். "டாக்டரப் பாத்துட்டு வாங்க. அப்பறம் கேரட்டு."

"லின்வால், வை அத."

"சனிக்கிழம எனக்குப் பிளைட்டு. அதுக்குள்ள பாத்துட்டு வந்து சொல்லுங்க. ரெண்டு மூட்டையா ஏத்தறேன்."

கோபத்தோடு வீட்டுக்கு வந்தாள். குளியலறை ஜன்னலைத் திறந்து, பகல் வெளிச்சத்தில், கண்ணாடியில் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். பழைய காகிதத்தின் நிறம். இமையை விட்டாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

ஷெரிலை அழைத்தாள். "இந்த நேரத்துல மருந்துக்காரங்ககிட்ட போனா ஆறு வருஷம் செஞ்சதெல்லாம் வீண்" என்றாள் ஷெரில், அன்பாகவே.

வீண் என்ற சொல்தான் அவளைப் பிடித்துக்கொண்டது. நோய்க்கு அவள் அவ்வளவு பயப்படவில்லை. யூப்போடு ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் இருந்தவள். பயம் எதற்கென்றால், சாறு வீண் என்று டாக்டர் ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டால், தாண்டிப் போன கேக் தட்டுகள், மடிக்கு மேலாகப் போன பெப்பர்மிண்ட், வெந்நீர்க் கோப்பையோடு உட்கார்ந்த ஆறு வருஷம், எல்லாம் எதற்கு? கேரட் அவளைக் குணப்படுத்தியிருந்தால் அந்தத் தனிமைக்கு ஒரு பொருள் உண்டு. இல்லையென்றால் அது வெறும் தனிமைதான்.

வியாழன் முழுக்க வீட்டில் இருந்தாள். கூட்டத்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஊர் மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். இமையை இழுத்துப் பார்க்க அவளுக்கு இரண்டு வினாடி ஆனது.

"எத்தனை நாளா அரிப்பு?"

"ஆகஸ்டுலேர்ந்து."

"மலம் வெளிறிப் போகுதா, களிமண் மாதிரி?"

இதற்கு மட்டும் சமையலறையில் விடை இருந்ததில்லை. அதனால் அவள் அதைப் பற்றி நினைக்காமலே இருந்திருந்தாள். "ஆமா" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தின் தலையில் புற்றுக்கட்டி. பித்தக்குழாயை நெரித்துவிட்டது. ஈரலுக்கும் பரவியிருந்தது, அறுவை செய்ய இடமில்லை. அடைப்பைத் திறக்கக் குழாயில் ஸ்டென்ட் என்ற சிறு குழல் வைத்தார்கள். ஒரு வாரத்தில் அரிப்பு நின்றது. ஆகஸ்டிலேயே வந்திருந்தால் என்று மார்க்ரீட் கேட்டாள். "சொல்ல முடியாது, ஒருவேளை" என்றார் பெரிய டாக்டர். 'ஒருவேளை'க்கு எத்தனை சதவீதம் என்று மார்க்ரீட் கேட்டாள்.

மார்க்ரீட் விடுப்புப் போட்டு அம்மாவோடேயே தங்கினாள். ஃபென்னாவின் கண் இரண்டு மூன்று வாரத்தில் வெளுத்தது. கை வெளுக்க பிப்ரவரி வரை ஆனது. ஆஸ்பத்திரியில் கொடுத்ததையெல்லாம் சாப்பிட்டாள். வெண்ணெய் தடவிய ரொட்டி, பால், புட்டிங். சாறு இயந்திரம் மூலையில் கிடந்தது. அம்மாவின் சொந்த நிறத்தை மார்க்ரீட் ஆறு வருஷம் கழித்துப் பார்த்தாள். அவள் நினைவில் இருந்ததைவிட அது வெளிறியிருந்தது.

ஒரு ஞாயிறு கோவில் கூடத்துக்குக் காபிக்குப் போனார்கள். ஃபென்னா காபி வாங்கினாள், கேக் வாங்கினாள். ட்ரீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். வீபே எழுந்தார்; அந்த வெள்ளைக் கைகளைப் பார்த்தார்; மறுபடி உட்கார்ந்தார்.

"என்ன வீபே, சாயம் போச்சுன்னு பாக்கறியா?"

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மெதுவான குரலில் நன்றாக இருக்கிறாயே என்றார்கள். அவள் கேக்கில் பாதியை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் சோபாவில் படுத்துக்கொண்டு மகளைக் கேட்டாள்.

"மார்க்ரீட். என் கை ஜூஸாலதான் ஆறிச்சா, இல்ல நீ சொன்ன மாதிரியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மார்க்ரீட்டுக்கு அந்தச் சொல் வாய்வரை வந்தது.

"தெரியலம்மா. வேலைய விட்டதும் ஜூஸ் குடிச்சதும் ஒரே மாசம். ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டா எதுன்னு சொல்ல முடியாது."

ஃபென்னா சிரித்தாள். சிரிப்பு வயிற்றைப் பிடித்ததால் நிறுத்தினாள். "சாகப் போறவளுக்குக்கூட உங்கிட்ட ஒரு பொய் கிடைக்காது. அப்பா ரத்தம்." பிறகு, "போன எடு" என்றாள்.

ஷெரிலை அழைத்தாள். நடந்ததைச் சொன்னாள். இடையில் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"உங்க கூட்டத்துல புதுசா ஒருத்தி வந்தாளே, டாஃப்னி. பஸ் ஓட்டறவ. அவளுக்கும் அரிக்குதுன்னாளே. எல்லார்கிட்டயும் சொல்லு ஷெரில். அரிச்சா கைய பாக்காதீங்க, கண்ணப் பாருங்க. பகல் வெளிச்சத்துல."

"நீங்க பாதியில விட்டுட்டீங்க ஃபென்னா" என்றாள் ஷெரில். அவள் குரல் உடைந்திருந்தது. போனை வைத்துவிட்டாள். பிறகு அவளிடமிருந்து அழைப்பு வரவில்லை. ஆறு வருஷம் தன்னோடு ஒரே மேசையில் சாறு குடித்த கூட்டத்தாரையும் ஃபென்னா அந்த ஒரு போனில் இழந்தாள்.

மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஆறு இருபதுக்கு இறந்தாள். மார்க்ரீட் பக்கத்தில் இருந்தாள்.

அடக்கத்துக்கு மார்ஷ் முழுக்க வந்தது. கூட்டத்திலிருந்து ஷெரில் வரவில்லை. கடைசிப் பெஞ்சில் பஸ் கம்பெனிக் கோட்டு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் காபிக்குப் போன பிறகு மார்க்ரீட்டிடம் வந்தாள். உள்ளங்கைகள் ஆரஞ்சு.

"உங்க அம்மா எனக்கே போன் பண்ணாங்க. நம்பர எங்க பிடிச்சாங்களோ. மூணு தடவ திட்டினாங்க. டாக்டர்கிட்ட போய்க் காட்டிட்டு வந்தேன்."

மார்க்ரீட் அவள் கண்களைப் பார்த்தாள். பார்ப்பது தெரிந்து அந்தப் பெண் அசையாமல் நின்றாள்.

"எனக்கு வெறும் கேரட்டுதானாம்" என்றாள் டாஃப்னி, ஏதோ தப்புச் செய்தவள் போல.