அஞ்சு ரவுண்டுக்கு நாலு ரப்பர் பேண்ட்

நேற்று ஒரு ரப்பர் பேண்டால் என் மானம் கோவளம் ரோட்டில் போயிற்று!

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைத் தட்டுகிறேன். தொடை இரண்டும் எரிகிறது. சிரிக்காமல் படிக்கவும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: கடலில் ரெண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அப்புறம் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் ஒரே நாளில். (ஆமாம், காசு கட்டித்தான்!)

சைக்கிளை மதியம் ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் ஓட விடமாட்டார்கள். போன வருஷம் என்னை அப்படித்தான் வெளியே அனுப்பினார்கள்.

அதனால் இந்த வருஷம் என் மனைவி ஷீலா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தடவையும் மெடல் இல்லாம வந்தீங்கன்னா, இத்தோட நிறுத்திக்கணும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு ஒழுங்கா வரணும்."

சரி என்று தலையாட்டினேன். செம்பாக்கம் ஏரியைச் சுற்றி ஒரு வருஷம் ஓட்டிய தைரியம்!

நீச்சல் நல்லபடியாக முடிந்தது. பேஜாரே சைக்கிளில்தான்.

ஒரே ரோட்டில் ஒன்பது கிலோமீட்டர் தெற்கே போய்த் திரும்பி வர வேண்டும். அது ஒரு ரவுண்டு. மொத்தம் அஞ்சு. தெற்கு முனையில் திரும்பும்போது ஒரு ரப்பர் பேண்ட் தருவார்கள். கையில் மாட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் ரவுண்டுக்குக் கணக்கு. (கீரைக்கட்டில் வருமே, அதே சிவப்பு ரப்பர் பேண்ட்!)

போகும்போது வாடைக்காற்று முதுகில். ராஜா மாதிரிப் போகலாம். திரும்பும்போது அதே காற்று மூஞ்சியில். எதிரே வந்த டவுன் பஸ் ஜன்னலில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள்.

தெற்கு முனையில், புளியமரத்தடியில் ஓர் அக்கா மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

ரெண்டாவது ரவுண்டில் கேட்டார்: "இன்னா சார், வழி தெர்லயா? யார் வூட்டுக்குப் போணும்?"

"ரேஸுக்கா!" என்று கத்திவிட்டுப் போனேன்.

மூன்றாவது ரவுண்டில் பசி தாங்கவில்லை. பேண்டை வாங்கி மாட்டிக்கொண்டு அக்கா பக்கத்தில் நிறுத்தினேன். ஷீலா கட்டித் தந்த புளிசாதம் சைக்கிள் சட்டையின் பின்பாக்கெட்டில், முதுகுப் பக்கம் இருந்தது. பாதி சாப்பிட்டேன். திரும்பக் கட்டலாம் என்றால், பொட்டலத்தின் ரப்பர் பேண்ட் அறுந்துவிட்டது.

நம் வீட்டுப் பழக்கம் சும்மா விடுமா? சோற்றை அப்படியே திறந்து வைக்கக் கை வரவில்லை. கையிலிருந்து ஒன்றை உருவிச் சுற்றினேன். யோசிக்கவே இல்லை!

"அக்கா, இதை வச்சிருங்க. அடுத்த ரவுண்டுல வாங்கிக்கிறேன்."

அடுத்த ரவுண்டில் பசி இல்லை. "நீங்களே சாப்பிடுங்கக்கா!" என்று சொல்லிப் போய்விட்டேன்.

அஞ்சாவது ரவுண்டு முடித்து வந்தபோது மணி பன்னிரண்டு அஞ்சு. எனக்கு ஒரே சந்தோஷம். ஷீலாவிடம் மெடலை எப்படி நீட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

சைக்கிளை விடும் வாசலில் மீசைக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து எண்ணினார்.

"நாலுதான் இருக்கு. இன்னும் ஒரு ரவுண்டு போங்க சார்."

"அஞ்சு முடிச்சிட்டேன் சார்! ஒண்ணு புளிசாதத்துல இருக்கு!"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அங்க பேண்ட் குடுக்கிறவரைக் கேளுங்க சார்."

"அத்தனை பேர்ல அவருக்கு உங்க முகம் ஞாபகம் இருக்குமா? அந்த பேண்டைக் கொண்டாந்து காட்டுங்க, விடறேன்."

கொடுமையைப் பாருங்கள்! அதைக் கொண்டுவர அக்காவிடம் போய்வர வேண்டும். போய்வந்தால் அதுவே ஒரு ரவுண்டு!

வாயில் வந்ததை எல்லாம் முழுங்கிக்கொண்டு கிளம்பினேன்.

"அக்கா! அந்த ரப்பர் பேண்ட் எங்க?"

"அத்தாலதான் ஒரு சாருக்கு நெத்திலி கட்டிக் குட்த்தேன். சோறு ஷோக்கா இருந்துச்சு சார். உப்புதான் கம்மி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பியதற்கு இன்னொரு பேண்ட் கொடுத்தார்கள். எதிர்காற்றில் ஒன்பது கிலோமீட்டர், பல்லைக் கடித்து மிதித்தேன்.

மீசைக்காரர் எண்ணினார். "கரெக்டா அஞ்சு!"

அப்புறம் வாட்சைப் பார்த்தார்.

"ஆனா மணி ஒண்ணு நாலு சார்."

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னேன். ஷீலா எழுந்து போனாள். துவைக்கப் போட்ட என் சட்டையை எடுத்து, பின்பாக்கெட்டில் கைவிட்டாள்.

வெளியே வந்தது ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட்!

"பொட்டலத்துது அறுந்துட்டா வேணுமேன்னு காலையில ஒண்ணு எக்ஸ்ட்ரா போட்டேன். பாக்கெட்ல கை விட்டுப் பாக்க மாட்டீங்களா?"

நூற்றெட்டு கிலோமீட்டரும் அது என் முதுகிலேயேதான் வந்திருக்கிறது!

இப்போது சொல்லுங்கள். அஞ்சு ரவுண்டு போட்டிக்கு ஆறு ரவுண்டு ஓட்டியவனை சைக்கிளை விடச் சொல்வது நியாயமா? ஷீலா இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. கமெண்டை அவளிடம் காட்டப் போகிறேன், பார்த்து எழுதுங்கள்.

(உப்பு கம்மி என்பதை மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். அந்த ஒன்றை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை!)