மீன் தொட்டியும் வியாழக்கிழமையும்

பத்து வயதில் நான் ஒரு கண்டுபிடிப்பைச் செய்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கொஞ்சம் தலை நிமிரும், மறைக்கப்போவதில்லை. அதற்குப் பிறகு படித்து வாங்கிய பட்டங்கள்கூட எனக்கு அந்த அளவு பெருமை தந்ததில்லை. விஷயம் சின்னதுதான். எங்கள் வீட்டுத் தொட்டியில் மீன்கள் ஏன் செத்துக்கொண்டே இருக்கின்றன என்பது வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் இருந்தபோது, நான் கண்டுபிடித்தேன்.

அப்போது தி. நகரில், கடைத்தெருவின் இரைச்சல் காதில் விழுகிற தூரத்தில், ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு லைனிங் துணி, பொத்தான், நூல்கண்டு விற்கிற சிறிய கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள்; சைவம். முட்டைகூட வாசல் தாண்டாத வீட்டுக்குள் மீன் வந்தது வாஸ்து வழியாகத்தான். வடகிழக்கு மூலையில் மீன் தொட்டி வைத்தால் வியாபாரம் பெருகும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்லிவிட, அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே ஒரு பை கூழாங்கல், குமிழி விடும் சின்ன மோட்டார், பாலிதீன் பையில் நான்கு தங்கமீன்கள்.

முதல் மீன் அந்த வாரமே சனிக்கிழமை காலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. நான் அழுதேன். அப்பா பதறவில்லை. அவர் முகத்தில் ஒரு நிம்மதிதான் தெரிந்தது.

“நல்லதுதாம்மா. நமக்கு வரவேண்டிய திருஷ்டிய அது வாங்கிக்கிட்டுப் போயிட்டு,” என்றார்.

இப்படிச் சொன்னது அப்பா மட்டுமல்ல. தொட்டி வைத்திருந்த பாதி வீடுகளில் இதுதான் பேச்சு. மீன் செத்தால் வீட்டை நோக்கி வந்த ஏதோ ஒன்று விலகிவிட்டது என்று பொருள். இரண்டாவது மீன் செத்தபோது அப்பாவுக்கு வரவிருந்த காய்ச்சல் போனது. மூன்றாவது செத்தபோது எதிர்ச்சாரியில் வரவிருந்த போட்டிக் கடை வராமல் போனது. ஒவ்வொரு சாவுக்கும் கைவசம் ஒரு நன்மை இருந்ததால், காரணம் தேடவேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. நான்கு மாதத்தில் ஒன்பது மீன்கள். எங்கள் குடும்பத்தைச் சுற்றி இத்தனை ஆபத்துகளா நின்றுகொண்டிருந்தன என்று நினைத்தால் இப்போதும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

புது மீன் வாங்க அப்பாவோடு நானும் போவேன். மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் இருந்த கலர்மீன் கடை. கடைக்காரருக்கு என் முகம் பழகிவிட்டது.

“இன்னா பாப்பா, மறுபடியும் பூட்ச்சா? உங்கூட்ல மீன வளக்குறீங்களா, வறுக்குறீங்களா?” என்பார்.

சைவ வீட்டுப் பிள்ளையைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது? எனக்கு முகம் சிவந்துவிடும். அப்பா சிரிப்பார். கடைக்காரர் நீல நிறத்தில் ஒரு மருந்துப் புட்டியைக் கொடுத்து, சொட்டுச் சொட்டாக விடச் சொல்வார். விட்டோம். மீன்கள் நீலத் தண்ணீரில் செத்தன.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுத்தம் என்றால் அம்மா, அம்மா என்றால் சுத்தம். எங்கள் கட்டடத்தில் ஆறு குடித்தனம். “ரெண்டாவது மாடியில தரையிலேயே சோறு போட்டுத் திங்கலாம்” என்று மற்ற ஐந்து வீட்டிலும் சொல்வார்கள். அம்மா படித்தது எட்டாவது வரைதான். கடை விவகாரம் எதிலும் அவளைக் கலந்துகொள்ள மாட்டார்கள். ஊரிலிருந்து வந்து, பாஷையே வேறு மாதிரி ஒலிக்கிற இந்தப் பட்டணத்தில், அவளுக்கென்று ஒரு பேர் இருந்தது என்றால் அது இந்தச் சுத்தத்தால் கிடைத்த பேர்தான்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்ற வேண்டும் என்பதால் வியாழக்கிழமையே பூஜைச் சாமான்களைத் தேய்த்துவிடுவாள். குத்துவிளக்கு, மணி, தூபக்கால், பஞ்சபாத்திரம், எல்லாம் புளி போட்டு. தொட்டி வந்த பிறகு அந்த வரிசையில் தொட்டியும் சேர்ந்தது. வாஸ்துவுக்காக வந்தது என்றால் அதுவும் பூஜைச் சாமான்தானே? மீன்களைப் பிடித்து எவர்சில்வர் தூக்கில் விடுவாள். தொட்டியைத் தேங்காய் நாரால் தேய்ப்பாள். மோட்டாரில் இருந்த பஞ்சைச் சோப்புப் போட்டுக் கசக்கிப் பிழிவாள். கூழாங்கற்களை அரிசி களைவது போல ஏழு தண்ணீர் ஊற்றிக் களைவாள். ஏழாவது தண்ணீரில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள். பிறகு கற்களை மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, தொட்டியில் பரப்பி, மருந்து வாடை அடிக்கிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து நிரப்பி, மீன்களைக் கவிழ்ப்பாள். தொட்டி அப்படிப் பளிச்சென்று இருக்கும். உள்ளே தண்ணீர் இருப்பதே தெரியாது.

ஒன்பதாவது மீன் செத்த அன்று அடையாற்றிலிருந்து அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா. அப்பாவின் திருஷ்டிக் கதையைக் கேட்டுவிட்டு உதட்டைச் சுழித்தார்.

“ஒண்ணு ரெண்டுன்னா திருஷ்டி. ஒம்பதா சாவும்? உன் பொண்டாட்டி கைராசி அப்படி,” என்றார். அம்மா காப்பித் தம்ளரோடு பக்கத்தில்தான் நின்றாள்.

அன்றிலிருந்து அம்மா மீனுக்குத் தீனி போடுவதை நிறுத்திவிட்டாள். “நீ போடுட்டி. என் கை வேண்டாம்,” என்பாள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைத் தூக்குவது, எல்லாவற்றிலும் ஒரு தயக்கம் வந்தது. ஆனால் வியாழக்கிழமைக் கழுவலை விடவில்லை. கைராசிக்குப் பரிகாரம் போல முன்னைவிட அழுத்தித் தேய்த்தாள். எனக்கு அத்தை மேல் அப்படி ஒரு கோபம். என் அம்மாவின் கையில் ஒரு குற்றமும் இல்லை என்று நிரூபித்துக் காட்டுவேன் என்று சபதம் செய்தேன். ஆராய்ச்சியில் இறங்கியது அதற்காகத்தான்.

அடுப்படியில் தொங்கிய மாதக் காலண்டரில், மீன் சாகும் நாளில் எல்லாம் சிவப்புப் பேனாவால் ஒரு சிறிய மீன் வரைந்து அதன் கண்ணில் பெருக்கல் குறி போட்டேன். பழைய சாவுகளையும் நினைவிலிருந்து வரைந்தேன். காலண்டரில் பத்தாவது சிவப்பு மீன் விழுந்தது, பதினொன்றாவதும் விழுந்தது. தொட்டியில், கடைசியாக வாங்கிய மோலி என்கிற கறுப்பு மீன்கள் இரண்டு மட்டும் மிஞ்சின. அந்தச் சமயத்தில்தான் கோடை முற்றி ஊரில் தண்ணீர் நின்றுபோனது.

சென்னையில் இருந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. குழாய் வெறும் காற்றை ஊதும். வாரத்துக்கு இரண்டு தடவை லாரி வரும். வீட்டுக்கு ஆறு குடம். குளிக்க ஒரு வாளி, அந்தத் தண்ணீரிலேயே துணி, அதே தண்ணீர் கடைசியில் கழிவறைக்கு. தொட்டி கழுவுவதை யார் நினைக்க முடியும்? நான் இரண்டு நாளைக்கு ஒரு முறை ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் மேலாக ஊற்றுவேன். கண்ணாடியில் பச்சை படர்ந்தது. கற்கள் வழவழத்தன. அம்மாவுக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பொறுக்கவில்லை. யாராவது வந்தால் பழைய சேலைத் துண்டு ஒன்றைத் தொட்டி மேல் போட்டு மூடிவிடுவாள்.

மோலிகள் இரண்டும் சாகவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஏழு வாரம். அதோடு ஒன்றுக்கு வயிறு நாளுக்கு நாள் உருண்டு வந்தது. மோலி முட்டை இடாது, குட்டியே போடும் என்று கலர்மீன் கடைக்காரர் எப்போதோ சொல்லியிருந்தார். நான் காலண்டர்த் தாள்களைப் புரட்டினேன். தண்ணீர் நிற்பதற்கு முந்தைய தாள்களில் சிவப்பு மீன்கள் எல்லாம் வெள்ளி, சனி என்ற இரண்டே வரிசையில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. தண்ணீர் நின்ற பிறகு ஒரு மீன்கூட இல்லை. அடுப்படியில் நின்றபடியே எனக்கு விளங்கிவிட்டது. காது இரண்டும் சூடாகிவிட்டன. அதுபோல ஒரு சந்தோஷம் பிறகு என் வாழ்க்கையில் அதிகம் வாய்க்கவில்லை.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தைத் தோசை வார்க்கிற நேரத்தில் சொல்வதா? அத்தை வரட்டும் என்று காத்திருந்தேன்.

ஆடி மழை வந்தது. குழாயில் முதலில் செம்மண் கலரில், பிறகு தெளிவாகத் தண்ணீர் வந்தது. அது ஒரு வியாழக்கிழமை. அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு முழுக்கக் கழுவினாள். பூஜைச் சாமான்களைத் தேய்த்துக் கவிழ்த்தாள். அந்த நேரம் பார்த்து அத்தை வந்தார். துண்டை விலக்கித் தொட்டியைப் பார்த்தார்.

“என்னட்டி இது? மீன் தொட்டியா, சாக்கடையா?”

“தண்ணி இல்ல மதினி. இன்னைக்குத்தான் வந்துச்சு. இந்தா, கழுவிருதேன்,” என்று அம்மா தூக்கையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு வந்தாள். குரலில் அப்படி ஓர் அவசரம்; ஏழு வாரத்து அவமானத்தை ஏழு தண்ணீரில் போக்கிவிட வேண்டும் என்பது போல.

நான் காலண்டரை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவந்து தொட்டிக்கு முன்னால் நின்றேன். வயிற்றுப்பிள்ளைக்காரியைக் காப்பாற்ற வேண்டும். அத்தை வாயையும் அடைக்க வேண்டும். தாள் தாளாகப் புரட்டிக் காட்டினேன்.

“அம்மா கைராசி ஒண்ணும் இல்ல அத்தை! பாருங்க. வியாழக்கிழமை கழுவினா வெள்ளி சனியில சாவுது. கழுவாத ஏழு வாரமும் ஒண்ணுகூடச் சாவல. கழுவுறதாலதான் சாவுது!”

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சிவப்பு மீனாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மடக்கினார். நான் ஜெயித்துவிட்டேன்.

அம்மா தூக்கைக் கீழே வைக்கவில்லை. “அப்போ, நாந்தான் கொன்னேனாட்டி?” என்று கேட்டாள்.

வகுப்பில் வாத்தியார் கேள்வி கேட்டால் விடை தெரிந்த பிள்ளை எப்படித் துள்ளுமோ, அப்படித் துள்ளினேன் நான். “ஆமாம்மா! பதினொண்ணும்!”

அம்மா தொட்டியைப் பார்த்தாள். பிறகு தூக்கைக் கீழே வைத்தாள். நாரை அதற்குள் போட்டாள். என் தலையில் ஈரக்கையை வைத்து, அத்தையைப் பார்த்துச் சொன்னாள்.

“பாத்தீங்களா மதினி, எம்மவ எப்படிக் கண்டுபிடிச்சிருக்கான்னு. இது அப்படியே கெடக்கட்டும். இனிமே நான் தொட மாட்டேன்.”

நான்கு நாளில் மோலி குட்டி போட்டது. நான் எண்ணியவரை இருபத்திரண்டு. சீரகம் அளவு, கண் மட்டும் பெரிதாக. கட்டடமே மேலே ஏறி வந்து பார்த்தது. அப்பா வாஸ்து இப்போதுதான் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்றார். கலர்மீன் கடைக்காரரிடம் நானே போய்ச் சொன்னேன். “மெய்யாலுமா? அப்ப நாலு குட்டி எனக்குக் குடு பாப்பா, நீ பெரிய ஆளு,” என்றார். ஒரு மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

இன்று வேளச்சேரியில் என் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது. அந்த வழவழப்பில்தான் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன, மீன் கழிவின் விஷத்தை அவைதான் தின்று தீர்க்கின்றன, ஏழு தண்ணீரும் மஞ்சளும் குழாய் மருந்தும் முதலில் கொல்வது அவற்றைத்தான் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. பத்து வயதில் எனக்குக் காரணம் தெரியாது, கிழமைதான் தெரியும். அதுவே போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்தது. அதைக் காலண்டரில் குறித்துவைக்க எனக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு விருந்தாளி வந்தால் அம்மா துண்டு போட்டு மூடுவதில்லை. யாராவது மூக்கைச் சுளித்தால், “எம்மவ சொல்லியிருக்கா, கழுவக்கூடாதாம்,” என்று நிமிர்ந்து சொல்வாள். தரையில் சோறு போட்டுத் தின்னலாம் என்று பேர் வாங்கியவள், முன்னறையில் பாசி பிடித்த தொட்டியை வைத்துக்கொண்டு அதைப் பெருமையாகச் சொன்னாள். அவளைப் பற்றி எனக்கு இருக்கிற பெருமையில் பெரும்பங்கு அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். அன்று அது என் புகழ் என்று மட்டும்தான் காதில் விழுந்தது.

வியாழக்கிழமைகளில் அம்மா குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து வைப்பாள். பிறகு முன்னறைக்கு வந்து தொட்டி முன்னால் நிற்பாள். கை இரண்டையும் முந்தானையில் துடைப்பாள். திரும்பிப் போய், மின்னிக்கொண்டிருக்கிற அதே விளக்கை எடுத்து இன்னொரு தடவை தேய்ப்பாள். ஒரு வாரம் தவறியதில்லை. அம்மா இரண்டு தடவை தேய்ப்பதால் தெருவிலேயே எங்கள் வீட்டு விளக்குதான் அதிகம் மின்னும் என்று நான் பள்ளியில் பெருமையடித்துக்கொண்டேன். எதற்கு இரண்டு தடவை தேய்க்கிறார்கள் என்று ஒரு தோழி கேட்டாள். எங்கள் வீட்டு விளக்குக்குச் சீக்கிரம் அழுக்குப் பிடிக்கும் என்று சொன்னேன்.