அக்கா பார்த்த கோட்டைகள்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிரான்ஸிலிருந்து அக்காவின் முதல் கோட்டைப் படம் வந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. வில்லியனூரில் என் டைல்ஸ் கடையின் ஷட்டரை அப்போதுதான் ஏற்றியிருந்தேன். சாம்பல் நிறக் கல்லில் இரண்டு வட்டக் கோபுரங்கள், நடுவே ஒரு மரப் பாலம், பாலத்தின் மேல் கருநீலக் கோட்டு போட்ட அக்கா. கீழே சித்தப்பா மகள், "அக்கா, ராணி மாதிரி கீற" என்று எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு படம் வந்தது. ஆற்றங்கரைக் கோட்டை, மலை உச்சிக் கோட்டை, கூரை சரிந்த பழைய வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் தெரு, ரோமானியர்கள் கட்டிய வட்ட அரங்கம். எங்கள் ஊரான பாகூரில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பேச்சு அங்கேதான் போகும். "ஒங்க அக்காவுக்கு இன்னாப்பா, புருஷன் போனாலும் பென்ஷன் வருது, ஊர் ஊரா சுத்துது" என்பார்கள். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை, கொஞ்சம் பொறாமை.

அக்காவை ஒரு சொல்தா வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மாமா பேச்சுக் குறைவான மனிதர். கோபம் வந்தால் மட்டும் வீடே நடுங்கும். பாரீஸுக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். அக்கா அங்கே ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை பார்த்தாள். ஒரே மகன். சின்ன வயதில் ஒரு முறை பாகூருக்கு வந்து, பம்ப்செட் தொட்டியை விட்டு ஏறவே மாட்டேன் என்று அடம்பிடித்தவன். மாமாவின் சாவுக்குக்கூட அவன் வரவில்லை. கேட்டதற்கு, "கனடாவுல வேலையா கீறான், லீவு கிடைக்கல" என்றாள் அக்கா. நாங்களும் அதோடு விட்டுவிட்டோம்.

மாமா போன இரண்டாம் வருடம் அக்கா என்னை அழைத்தாள். "டிக்கெட்டு நான் போடறேன்டா தம்பி, வா. கோட்டையெல்லாம் பாத்துட்டு வரலாம். தனியா போயிப் போயி அலுத்துப் போச்சி." கடையை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். பெட்டியில் பாதி இடம் அதிரசத்துக்கும் முறுக்குக்கும்தான்.

முதலில் தெற்கே கார்கசோன் போனோம். ரயில் நிலையத்திலிருந்து நடந்து ஆற்றுப் பாலத்துக்கு வந்ததும், எதிரே மேட்டில் அந்தக் கோட்டை மொத்தமாகத் தெரிந்தது. ஒரு மதிலுக்குள் இன்னொரு மதில், எண்ண முடியாத கோபுரங்கள். நான் தரைக்குக் கல் விற்கிறவன். கல்லைப் பார்த்தால் என் கால் தானாக நிற்கும். வாசல் படிகள் நடுவில் மட்டும் குழிந்திருந்தன. எத்தனை நூறு வருடத்துக் கால்கள் என்று குனிந்து தடவிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது அக்காவைக் காணோம்.

உள்ளே ஒரு சந்தில் கண்டுபிடித்தேன். மதிலுக்குள்ளேயே ஓர் ஊர் இருக்கிறது. வழியெல்லாம் சாப்பாட்டுக் கடைகள். மண்சட்டியில் வெள்ளைப் பயறும் வாத்துக்கறியும் கொதிக்கும் வாசனை. அக்கா கடையின் முன்பக்கம் இல்லை. குப்பைத் தொட்டிகள் வைத்திருந்த பின்வாசலில், ஏப்ரன் கட்டிய ஒரு ஆளிடம் தன் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தாள். அவன் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். அக்கா அடுத்த கடையின் பின்வாசலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போய்ப் போனை வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பது வயதில் எடுத்த அவள் மகனின் படம்.

"இவன் கனடாவுல இல்லையா?"

"கனடாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் வூட்ட வுட்டுப் போயி எட்டு வருஷம் ஆச்சிடா."

அங்கேயே, ஒரு கிணற்று மேடையில் உட்கார்ந்து சொன்னாள். படிப்பை விட்டுவிட்டேன் என்று அவன் சொன்ன அன்று சாப்பாட்டு மேசையில் சண்டை. மாமா தட்டை வீசி, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்றார். அவன் ஒரு பையோடு போய்விட்டான். அடுத்த கோடையில் ஒரே ஒரு போன். "நல்லா இருக்கேம்மா. ஒரு கோட்டை ஊர்ல, சாப்பாட்டுக் கடையில வேலை." எந்த ஊர் என்று இவள் கேட்பதற்குள் மாமா அறைக்குள் வரும் சத்தம் அவன் காதுக்கும் கேட்டிருக்க வேண்டும். வைத்துவிட்டான். திரும்பக் கூப்பிட்டால் யாரோ ஒருவர் எடுத்து, ரயில் நிலையத்தில் ஒரு பையன் பேசிவிட்டுத் தருவதாகக் கேட்டான், கொடுத்தேன் என்றார். போலீஸில் சொன்னதற்கு, வயது வந்தவன் தானாகப் போயிருக்கிறான், தேடுவதற்கில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"நம்ம பக்கம் ஊருக்கு ஒரு ஏரி கீதில்ல, அந்த மாதிரி இங்க ஊருக்கு ஒரு கோட்டைடா. எங்கன்னு தேடுவேன்? ஒவ்வொண்ணா போறேன். போனா ஒரு போட்டோ எடுத்து அனுப்பறேன். இல்லன்னா எதுக்கு அலையறன்னு கேப்பீங்க."

"எங்ககிட்ட சொல்லக் கூடாதாக்கா?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? கருமாதிக்கு வர மாதிரி எல்லாரும் வந்து ஒக்காருவீங்க. எம் புள்ள சாகலடா."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பிறகு இரண்டு பேருமாக ஒவ்வொரு பின்வாசலாகப் போனோம். ஒரு கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். படத்தைக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நெடுநேரம் பார்த்தார். "இந்தச் சாயலில ஒரு பிள்ளை இஞ்ச புதுசா வேலைக்கு வந்திருக்கு அக்கா, நான் இன்னும் பேசிப் பாக்கேல்ல. இப்ப கொஞ்சம் தாடி. பின்னேரம் வருவான்" என்றார்.

அந்தப் பின்வாசலில் நாங்கள் காத்திருந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அக்கா தலையை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டாள். கோட்டின் சுருக்கத்தை நீவினாள். என் பையிலிருந்து அதிரசப் பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மொதல்ல அவங்கிட்ட இன்னாடா சொல்றது? அப்பா செத்துட்டாருன்னு சொல்லவா? வேணாம், சாப்புடட்டும், அப்பறமா சொல்லலாம்" என்று தானே கேட்டுத் தானே முடிவு செய்தாள். பாகூரில் அவள் கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று காத்திருந்தபோது இருந்த அதே முகம். நானும் நம்பினேன். அவன் வந்ததும் எப்படிக் கட்டிப்பிடிப்பது, என்ன திட்டுவது என்றெல்லாம் யோசித்தேன்.

சந்தின் முனையில் ஒரு பையன் திரும்பினான். ஒல்லி உடம்பு, கருத்த முகம், தாடி. அக்கா எழுந்தாள். நாலு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். அவள் முதுகைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவன் மொரீஷியஸ் தீவிலிருந்து வந்தவன். தாத்தாவுக்குத் தாத்தா தமிழராம், இவனுக்கு ஒரு சொல் தெரியாது. யாழ்ப்பாணத்துக்காரர் கையைப் பிசைந்துகொண்டு, "மன்னியுங்கோ அக்கா" என்றார். அக்கா பொட்டலத்தை அந்தப் பையன் கையில் வைத்தாள். பிரெஞ்சில் அவ்வளவு நன்றாகப் பேசுகிறவள், அவனிடம் தமிழில், "சாப்டியாப்பா?" என்று கேட்டாள். அவன் ஒன்றும் புரியாமல், "மெர்சி, மதாம்" என்று நன்றி சொன்னான்.

அன்று மாலை கோட்டை வாசலுக்குப் போய், "எடுடா ஒண்ணு, குரூப்புல போடணும்" என்று போனை என்னிடம் கொடுத்தாள். முதல் படம் கலைந்து வந்தது. இன்னொன்று எடுத்தேன். அதற்கும் பாகூரிலிருந்து பூவும் இதயமுமாக வந்து விழுந்தன.

அந்தப் பயணத்தில் இன்னும் நான்கு ஊர்கள் போனோம். எந்த மதிலையும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்வாசல்களின் வாசனைதான் நினைவிருக்கிறது: பழைய எண்ணெய், ஈர அட்டைப்பெட்டி, சிகரெட். அக்கா அதற்குப் பிறகும் சில வருடங்கள் தனியாகப் போனாள். பிறகு முட்டி தேய்ந்தது. ஆபரேஷன் செய்தும் படி ஏற முடியவில்லை. கோட்டை என்றால் எல்லாம் படிதான். போன வருடம் பாரீஸ் வீட்டைக் காலி செய்துகொண்டு பாகூரில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அந்த நாட்டு சிம்மை மட்டும் விடவில்லை. பழைய போன் ஒன்றில் போட்டு, சார்ஜ் குறையாமல் தலையணைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். அது அடித்து நான் கேட்டதில்லை.

இப்போது அவளுக்கு யூடியூப்தான். பழைய ஊர்களில் நடந்துகொண்டே படம் பிடித்துப் போடுகிறார்களே, அந்த வீடியோக்கள். காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை. "ஒங்க அக்காவுக்குக் கோட்ட பைத்தியம் இன்னும் தீரல" என்று என் மனைவி சிரிப்பாள். மகன் கதையை நான் அவளிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

சென்ற வாரம் கடைக்குக் கிளம்பும்போது, "டேய், இங்க வா" என்று கூப்பிட்டாள். குரலே வேறு மாதிரி இருந்தது. போனில் ஏதோ ஒரு கோட்டை ஊரின் சந்து. ஓரத்தில் வெள்ளை ஏப்ரன் கட்டிய ஒருவன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். தலையில் பாதி வழுக்கை. "இந்த தோள பாருடா. அவங்க அப்பா மாதிரியே இல்ல?" என்றாள். யாருடைய தோளாகவும் இருக்கலாம். "இருக்கும்க்கா" என்றேன். வீடியோ எடுத்தவன் அந்தப் பக்கம் திரும்பாமல், மேலே ஒரு கோபுரத்தைக் காட்டிக்கொண்டே நடந்தான். நீளமான, அழகான கோபுரம். உச்சியில் புறாக்கள் பறந்தன.

அக்கா விரலால் வீடியோவைப் பின்னுக்கு இழுத்தாள். மறுபடி அந்த முதுகு, மறுபடி கோபுரம். மறுபடியும் இழுத்தாள். பிறகு, வீடியோ எடுத்த, யாரென்றே தெரியாத அந்த ஆளைப் பார்த்து, அழுகையும் கோபமுமாகச் சொன்னாள்:

"கோபுரத்த காட்னது போதும்டா பாவி. அந்தப் பக்கம் திருப்புடா."