விளிம்பு வரை மோர்

எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு எங்கள் வட்டாரத்தில் ஆயிரம் இலை விழும் கல்யாணமென்றால் முதலில் என்னைத்தான் தேடி வருகிறார்கள். ஓடுகிற பந்தியில் ஒரு சொட்டு சிந்தாமல் ரசம் ஊற்ற என் ஆட்களைப் பழக்கியது நான். என்னைப் பழக்கியது அம்மா, ஒரே ஒரு கோடை விடுமுறையில்.

எனக்கு அப்போது ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. ஆற்றில் தண்ணீர் வராமல் அப்பாவின் குத்தகை வயல் தரிசாகக் கிடந்தது. அவர் செங்கல் சூளைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அம்மாவுக்கும் குவைத்தில் ஒரு வீட்டுச் சமையல் வேலை பேசியிருந்தார்கள். பகல் முழுக்கப் பிள்ளைகள் தனியாகச் சமாளிப்பார்களா என்பதுதான் கேள்வி. குத்தாலத்திலிருந்து அப்பாவின் அக்கா வந்து பார்க்க வேண்டும். அத்தை சரியென்றால் அம்மா போவது, இல்லையென்றால் இருப்பது. இவ்வளவும் என் காதுபடவே பேசினார்கள். குவைத் என்றால் டேப்ரெக்கார்டர் என்பது மட்டும்தான் எனக்கு ஏறியது.

அம்மா கும்பகோணத்தில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஆயா. போர்டில் மாண்டிசோரி என்று எழுதியிருக்கும். டீச்சர் செய்வதை வாசற்படியில் நின்று பார்த்ததை எல்லாம் லீவில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஆளுக்கொரு கோரைப்பாய். பச்சைப்பயறையும் உளுந்தையும் கலந்து கொட்டிப் பிரிக்கச் சொல்வாள். அப்பாவின் பழைய சட்டையை விரித்துப் பொத்தான்களைப் போட்டுப் போட்டுக் கழற்ற வேண்டும். பிறகு செம்பிலிருந்து தம்ளருக்குத் தண்ணீர், தம்ளரிலிருந்து செம்புக்கு. சிந்தினால் நாமே துடைக்க வேண்டும். நடுவில் அவள் கை வைக்கவே மாட்டாள். “மெதுவாடா, மெதுவா” என்பதோடு சரி.

எனக்கா உட்காரத் தெரியும்? வெளியே வறண்ட வாய்க்கால் மணலில் பையன்கள் கத்துவது கேட்கும். கால் தானாக ஆடும், தொடை அரிக்கும், இல்லாத தாகம் எடுக்கும். பாயோடு நகர்ந்து நகர்ந்து வாசலுக்கே வந்துவிடுவேன்.

“பாய் எங்கடா போவுது?”

“அதுவா போவுதும்மா.”

“அதையும் கூட்டிக்கிட்டு உள்ள வா. பயறு பாதி கெடக்கு.”

தங்கை வேறு மாதிரி. ஊற்ற வேண்டிய தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பு காலி என்பாள்.

ஒருநாள் அம்மா வாய் தவறி, “எங்க ஸ்கூல் புள்ளைங்ககூட இப்புடிச் சிந்தாம ஊத்தாதுடா” என்றுவிட்டாள். போதாதா? தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னைப் பாயிலிருந்து கிளப்புவதுதான் கஷ்டமாகிவிட்டது.

அத்தை வந்தாள். தங்கையின் கவுனுக்கு முதுகுப் பக்கப் பொத்தான்களை மாட்டிக் காட்டினேன். சோறு போட்டேன். அத்தைக்கு முகம் தெளியவில்லை.

“ஏண்டா மருமவனே, ஒங்கம்மா இல்லாட்டி நாலு நாள்ல அழுவியேடா?”

“நான் ஏன் அழுவுறேன்? நானே ஊத்திப்பேன், அவளுக்கும் ஊத்துவேன்.”

“எங்க, மோர் ஊத்து பாப்போம்.”

அம்மா அடுக்களையிலிருந்து மோர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். தினமும் அரைச் செம்புக்கு மேல் வைக்க மாட்டாள். அன்றைக்குக் கழுத்துக்கு மேல் நின்றது. அது போதாதென்று என் முன்னாலேயே விளிம்பு தளும்ப இன்னும் ஒரு கரண்டி விட்டாள். என் முகத்தைப் பார்க்காமல், “சீக்கிரம் ஊத்துடா, அத்தைக்குப் பசிக்கும்” என்றாள்.

என் திறமையை நாலு பேர் பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே கஷ்டமாக வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்து இரண்டு கையாலும் செம்பைத் தூக்கினேன். மூன்று தம்ளர். பாயில் ஒரு சொட்டு இல்லை.

“இவன் பொழச்சுக்குவான்” என்றாள் அத்தை. “நீ பொறப்படும்மா.”

“சரிங்க அண்ணி” என்ற அம்மா குனிந்து பாயை முந்தானையால் துடைத்தாள். காய்ந்த இடம். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் சிந்திவிட்டதாக அத்தை நினைத்துவிடப் போகிறாளே என்று எனக்குக் கோபமான கோபம்.

“நான்தான் சிந்தவே இல்லையேம்மா! வேணும்னா இன்னும் ரொப்பிக் குடு, மறுபடியும் ஊத்திக் காட்டுறேன்” என்றேன்.